லென்ஸ் வேர்த்த இரவுகள்

12.03.2011 – நுரைப்பாய், ஒன்று – 85
02.11.2011 – தலைமுடி உலர்த்தி, பழையது – 240
19.01.2012 – கை சூடாக்கும் பொட்டலம், பத்து – 150
07.12.2012 – சூடேறும் கம்பி, துணிப்பட்டை, ஊசி, நூல் – 310
09.12.2012 – பழைய லேப்டாப் சார்ஜர் – காசு வாங்கவில்லை
25.08.2014 – எக்ஸ்டென்ஷன் ஒயர், இருபது மீட்டர் – 420
03.02.2019 – நெபுலைசர் – 1,950

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் ஒரு கேமரா லென்ஸில் பனி படியாமல் இருக்கச் செலவான தொகை. கடைசி வரியில் இருப்பது, மூச்சுத்திணறல் உள்ள ஒரு பெண் மருந்தை ஆவியாக இழுப்பதற்கு வாங்கிய கருவி. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதியது கைப்பிழை அல்ல. இரண்டும் ஒரே பிளக்கில் ஓடின.

அந்தப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். 1986-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. அந்தக் காலத்தில் பிலிமை இருட்டறைக்குள் கொண்டுபோய் மருந்தில் நனைத்துக் கழுவிக் காயப்போட வேண்டும். பாதி நாள் அவர் அந்த அறைக்குள்ளேயே கிடந்ததால் ‘டார்க்ரூம்’ என்று பெயர் விழுந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இருட்டறையில் துடைப்பமும் பக்கெட்டும் குடியேறின. பெயர் மட்டும் காலி செய்யவில்லை. நர்சுகள் ‘டார்க்ரூம் அண்ணா’ என்பார்கள். டாக்டர்கள் நேரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘டார்க்ரூம்’.

ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரிடம் அவர் சொல்வது ஒரே பாட்டுத்தான்: “மூச்சை இழுங்க. புடிங்க. ஆடாதீங்க. விட்டுடலாம்.” தூக்கத்திலும் அதைச் சொல்கிறார் என்று மனைவி சொல்வாள்.

“புடிங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு மாடிக்குப் போயிடறாரு. விட்டுடலாம்னு சொல்ல ஆளில்ல. நான் பாட்டுக்கு மூச்சைப் புடிச்சுக்கிட்டே கெடக்கறேன்” என்று அவள் சொல்லும்போது வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மாடிக்கு அவர் போனது ஒரு நட்சத்திரத்துக்காக. வானத்தில் சில நட்சத்திரங்கள் பல வருடம் ஒரே வெளிச்சத்தில் இருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் மங்க ஆரம்பிக்கும். கரிப்புகைபோல ஏதோ ஒன்றை ஊதி, தன் முகத்தைத் தானே மூடிக்கொள்ளும். எப்போது மூடும் என்று எந்தப் பெரிய படிப்புக்காரராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. யாராவது விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். அப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதில் பெயர் கொடுத்து, தனக்கென்று ஒரு நட்சத்திரத்தை அவர் 2011-இல் எடுத்துக்கொண்டார். தெளிந்த இரவெல்லாம் அதைப் படம் எடுப்பார். பக்கத்திலுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சத்தை அளப்பார். அந்த இரவின் படங்கள் எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு, ஒரே ஓர் எண்ணைச் சங்கத்துக்கு அனுப்புவார். பன்னிரண்டு வருடமாக அது அப்படி மங்கவில்லை; சமீப வருடங்களில் சில இரவு லேசாக நடுங்கித் தெளிந்ததோடு சரி. முதலில் மங்குவதைப் பார்த்தவர் பெயர் பதிவில் ஏறும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

மனைவி அந்த நட்சத்திரத்துக்கு ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்தாள்.

“சக்களத்தி இன்னிக்கு எப்படி இருக்கா?”

“அப்படியேதான் இருக்கா.”

“அவளுக்கென்ன. ராத்திரி முழுக்க ஒருத்தர் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டிருந்தா நான்கூடத்தான் மங்க மாட்டேன்.”

நட்சத்திரம் படுத்தாத பாட்டைப் பனி படுத்தியது. பனி மழைபோல மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் வந்து உட்காரும். இதை அவர் ‘லென்ஸ் வேர்க்கிறது’ என்பார். துணியால் துடைக்கலாமே என்று கேட்பவர்கள் துடைத்துப் பார்த்ததில்லை. துடைத்த இரண்டாவது நிமிடம் மறுபடி வேர்க்கும். கூடவே துணியின் கோடுகளும் தங்கும்.

முதலில் நுரைப்பாயை வெட்டி லென்ஸுக்கு ஒரு நீளக் குல்லா தைத்தார். வறண்ட இரவுகளுக்கு அது போதும். ஈரமான இரவில் நனைந்த கோழிபோல அந்தக் குல்லாவே சொட்டியது. அடுத்தது முடி உலர்த்தி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸுக்குச் சூடான காற்று அடிக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, “நடுராத்திரியில யாருக்குய்யா தலை காயவைக்கறீங்க?” என்று கேட்டார். இவர் தலையில் அப்போதே முடி கிடையாது. பிறகு கை சூடாக்கும் பொட்டலங்களை ரப்பர் வளையத்தால் லென்ஸைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். விடிவதற்குள் அவை ஆறிப்போய்க் கல்லாகிவிடும். விடிவதற்கு முன்னால்தான் பனி அதிகம்.

கடைசியில் மைத்துனன் கை கொடுத்தான். மனைவியின் தம்பி, எலெக்ட்ரீஷியன். சூடேறும் கம்பியைத் துணிப்பட்டைக்குள் வைத்துத் தைத்து, ஒரு பழைய லேப்டாப் சார்ஜரோடு இணைத்துக் கொடுத்தான்.

“அத்தான், இது கேமராவுக்கு இடுப்புவலிப் பெல்ட். கொழந்தைய தொட்டுப் பாக்கற மாதிரி இதமா சூடு இருக்கணும். அதுக்கு மேல போனா நான் பொறுப்பில்ல.”

பட்டை வேலை செய்தது. ஆனால் முதல் இரவு அதைச் சுற்றும்போது, இருட்டில், லென்ஸின் போகஸ் வளையம் ஒரு மயிரிழை திரும்பிவிட்டது. அன்றைய நட்சத்திரங்கள் எல்லாம் பருத்திக்கொட்டைபோல ஊதி விழுந்தன. அதிலிருந்து வளையத்தை டேப் ஒட்டி அசையாமல் செய்த பிறகுதான் பட்டையைச் சுற்றுவார். சார்ஜரில், மின்சாரம் வருகிறது என்று காட்ட, ஒரு பச்சை விளக்கு இருந்தது. அந்த வெளிச்சம் குல்லாவின் உள்பக்கத்தில் பட்டு, படத்தின் மூலையில் பச்சையாகக் கசிந்தது. கறுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றி அதையும் மூடினார். இப்படி ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துப் பார்த்து அடைத்தவர் அவர்.

மாடியில் பிளக் கிடையாது. படுக்கையறை ஜன்னலோரம் இருந்த பிளக்கிலிருந்து ஒயர் மேலே போயிற்று; முதலில் இரவல் ஒயர், பிறகு சொந்தமாக வாங்கியது. பழைய வீடு, பழைய ஒயரிங். ஒருமுறை அதே போர்டில் இஸ்திரிப்பெட்டியையும் சேர்த்துப் போட்டு பியூஸ் போனது. அன்றிலிருந்து அந்தப் போர்டில் ஒன்றுக்கு மேல் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாடிக்குத் தனி லைன் இழுத்துத் தருகிறேன் என்று மைத்துனன் பலமுறை சொன்னான். சுவரை உடைக்க வேண்டுமே என்று அவர் தள்ளிப்போட்டார். 2019-இல் மனைவிக்கு நெபுலைசர் வாங்கியபோது, “உன் மெஷின் ஹால்லயே இருக்கட்டும். பகல்லதான வேணும்” என்றார். அப்போது அவளுக்கு இழுப்பு பெரும்பாலும் பகலில்தான் வந்துகொண்டிருந்தது. அவளும் சரி என்றாள்.

06.02.2023, திங்கட்கிழமை விடியற்காலை. சில வாரங்கள் சூரியனுக்குப் பின்னால் மறைந்திருந்த நட்சத்திரம், கிழக்கே மறுபடி தலைகாட்டும் காலம். அந்தப் பருவத்தின் முதல் தெளிந்த வானம் அன்றுதான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது வர நாலரை ஆகும். ஐந்தேகாலுக்கு மேல் வானம் வெளுத்துவிடும். இடையில் கிடைப்பதுதான் நேரம். சாயங்காலமே பட்டையைச் சுற்றி, சூடு வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்திருந்தார். நாலரைக்கு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேமரா அதன் பாட்டரியில், அதன் பாட்டுக்கு, படம் எடுத்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் தரை அதிர்ந்து படம் ஆடும். அதனால் போகவில்லை.

காலையில் கம்ப்யூட்டரில் ஒருமுறைக்கு இரண்டுமுறை அளந்தார். நட்சத்திரம் கால் பங்கு வெளிச்சம் இழந்திருந்தது. கடைசி ஆறு படங்களில் மட்டும் கொஞ்சம் தேறினாற்போலத் தெரிந்தது. விடியல் வெளிச்சம் கலந்ததால் வந்த கோளாறு என்று அந்த ஆறையும் ஒதுக்கினார். அப்படி ஒதுக்குவது அவருக்கு வழக்கம்தான். அதில் கள்ளம் இல்லை.

சமையலறை வாசலில் நின்று, “சக்களத்தி மங்கிட்டா” என்றார்.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். “நெஜமாவா?”

“நெஜமா.”

“அப்ப இனிமே ராத்திரி கீழ படுப்பீங்களா?”

“இப்பதான் அதிகமா பாக்கணும்! எவ்ளோ தூரம் மங்குதுன்னு தெரிய வேணாமா?”

அவள் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

அன்றே சங்கத்துக்கு மின்னஞ்சல் போயிற்று. அங்கே அளவுகளைச் சரிபார்க்கும் ஒருவர் உண்டு. முகம் பார்த்ததில்லை. மரியாதையான மனிதர். ஒரு மணி நேரத்தில் மூன்று கேள்விகள் வந்தன. எத்தனை படங்கள்? ஒப்பிட்ட நட்சத்திரங்கள் படத்தின் நடுவில் உள்ளனவா, ஓரத்திலா? பனித்தடுப்பு இருந்ததா? மூன்றாவதற்கு அவர் எழுதிய பதில்: ‘இருந்தது. இரவு முழுவதும்.’ அந்த வார்த்தையை நம்பிச் சங்கம் எல்லா உறுப்பினருக்கும் தகவல் அனுப்பியது. எங்கோ ஒரு மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கியில், அடுத்த தெளிந்த இரவு, மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதற்கு அரை மணி ஒதுக்கினார்கள்.

மறுநாளே மேகம் மூடிக்கொண்டது. இங்கே மட்டும் அல்ல. பார்க்கக்கூடிய மற்ற இடங்களிலும் வானம் சரியில்லை என்றோ நட்சத்திரம் இன்னும் மிகத் தாழ்வாக இருக்கிறது என்றோ பதில்கள் வந்தன. அவர் ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். உலகத்தில் அதைப் பார்த்தவர் இன்றுவரை ஒருவர்தான் என்ற நினைப்பு உள்ளுக்குள் வெல்லமாகக் கரைந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நர்ஸ் ஓடிவந்தாள். “டார்க்ரூம் அண்ணா, அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. மூச்சு ரொம்ப வாங்குது.”

கீழ்வீட்டுக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, கொஞ்சம் அடங்கியதும், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. மனைவியைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துச் சரிசெய்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். வாய் தன்னால் சொல்லியது: “மூச்சை இழுங்க. புடிங்க.”

அவளால் பிடிக்க முடியவில்லை. படம் ஆடியது. இரண்டாவது தடவையும் ஆடியது. மூன்றாவது தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தடுப்பின் வழியே அவள் தோள்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் ஏறி, இறங்கி, அடுத்து ஏறுவதற்கு முன்னால் ஒரு கண்ணிமைப்பு நேரம் அசையாமல் நின்றது. அந்த நேரத்தில் பொத்தானை அமுக்கினார். அவள் மூச்சை அவ்வளவு நேரம் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் இளம்பெண். படத்தைப் பார்த்துவிட்டு, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கால்மாட்டில் நின்றார்.

“ராத்திரி தூக்கத்துல வருதாம்மா?”

“வருது.”

“எத்தனை தடவை?”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். “வாரத்துல ரெண்டு. குளிர் நாள்ல மூணு.”

“இத்தனை நாளா சொல்லவே இல்லையே? வந்தா என்ன பண்ணுவீங்க?”

“நெபுலைசர் வச்சுக்குவேன்.”

“கைக்கெட்டுற எடத்துல இருக்கா?”

“கட்டிலுக்கு அடியில. இவர் மாடிக்குப் போனதும் ஹால்லேருந்து எடுத்துட்டு வந்து வச்சுக்குவேன். பிளக்குதான்... இவர் ஒயர் ஒண்ணு மேல போகுது. அதைப் புடுங்கிட்டு இதைச் சொருகுவேன். மருந்து தீர இருவது நிமிஷம் ஆகும். முடிஞ்சதும் திரும்ப அதையே சொருகிடுவேன்.”

“கடைசியா எப்ப வந்தது? இன்னிக்கு முன்னாடி?”

“திங்கக்கிழமை விடியக்காலம்.”

கால்மாட்டில் நின்றவருக்கு அந்த நொடியில் முதலில் நினைவுக்கு வந்தது நட்சத்திரம்தான். மனைவி அல்ல.  

டாக்டர் போனதும் கேட்டார். “திங்கக்கிழமை எத்தனை மணி இருக்கும்?”

“மூச்சு வாங்கறப்ப மணி பாத்துக்கிட்டா இருப்பேன்?” என்றாள். போர்வையைச் சரிசெய்துகொண்டு, “மேல நீங்க நாற்காலிய இழுத்துப் போடற சத்தம் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடிதான் சொருகினேன்” என்றாள்.

நாலரை மணி.

“ஏம்மா, என்னை ஒரு கொரல் கூப்பிட வேண்டியதுதான?”

“வந்தேனே ஒரு தடவ.”

“எப்ப?”

“மூணு வருஷம் இருக்கும். பேச்சு வரல. படிக்கட்டு லைட்டைப் போட்டுக்கிட்டு மேல வந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம ‘லைட்டை அணை, லைட்டை அணை, ஒரு மணி நேரப் படம் போச்சு’ன்னு கத்தினீங்க. அணைச்சுட்டு எறங்கிட்டேன்.”

அவருக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது. அதாவது, கெட்டுப்போன படம் நினைவுக்கு வந்தது. காலையில் எதற்கு வந்தாய் என்று கேட்டதும், ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும், அதோடு அவர் விட்டுவிட்டதும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

சனிக்கிழமை, மனைவியை வார்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரைத் திறந்தார். பட்டை லென்ஸைச் சுற்றித்தான் சூடாக்கும். சூடு நின்றால் நடுக்கண்ணாடிதான் முதலில் வேர்க்கும். திரும்ப வந்தால் நடுதான் கடைசியில் காயும். அவருடைய நட்சத்திரம் படத்தின் நடுவில். ஒப்பிட்ட நட்சத்திரங்கள் ஓரத்தில். நடுவில் இருந்தவற்றைச் சுற்றி மட்டும், வேர்த்த கண்ணாடிக்கு வெளியே தெரியும் தெருவிளக்குபோல, ஒரு மெல்லிய வட்டம் இருந்தது. திங்கட்கிழமையும் அது இருந்தது. அவர்தான் அதைப் பார்க்கவில்லை. ஒதுக்கி வைத்த ஆறு படங்களைத் திறந்தார். வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வெளிச்சத்துக்கு வந்தது. விடியல் அல்ல அது. பட்டைக்குத் திரும்ப மின்சாரம் வந்து, கண்ணாடி காய்ந்தது.

பச்சை விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடாமல் இருந்திருந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அது அணைந்ததைப் பார்த்திருப்பார். கீழே ஓடிப்போய்க் கேட்டிருப்பார். எதற்குப் பிடுங்கினாய் என்றுதான் கேட்டிருப்பார் என்று உடனே தோன்றியது. அதற்கு மேல் அதை யோசிக்கவில்லை.

சாயங்காலம் மைத்துனன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தான்.

“சரி அத்தான். மேகமா இருக்கு. ஒருத்தரும் பாக்கல. நெஜமாவே மங்கியிருந்தா?”

“இருக்கலாம்.”

“அப்ப விட்டுடுங்க. மங்கியிருந்தா பேரு உங்களுக்கு. மங்கலைன்னா, ஏதோ கண்ணு தப்பிடுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. நட்சத்திரம் வந்து சாட்சி சொல்லப்போகுதா?”

“பட்டை ராத்திரி முழுக்க இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன்டா.”

“உங்களுக்குத் தெரியாதுல்ல அப்ப?”

“இப்ப தெரியுமே.”

மைத்துனன் எழுந்தான். அவன் குரல் மாறியிருந்தது. “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அக்கா ராத்திரி ராத்திரி மூச்சுக்குத் திண்டாடியிருக்கா. நான் வந்ததுலேருந்து நீங்க பேசினது பூரா அந்தப் படத்தைப் பத்தி. எந்த வெளக்கமும் எனக்கு வேணாம். தனி லைன் போடறேன்னு நான் எத்தனை தடவ சொன்னேன்?”

 அவன் வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எழுதினார். ‘06.02.2023 அளவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பனித்தடுப்பு இரவு முழுவதும் இருந்தது என்று நான் எழுதியது தவறு.’ காரணம் என்ற இடத்தில் முதலில் ‘மின்தடை’ என்று போட்டார். பார்க்கக் கௌரவமாக இருந்தது. பொய்யும் இல்லை. மின்சாரம் தடைப்பட்டது உண்மைதானே. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார். ‘என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்ததால், ஒரே பிளக்கில் தன் மருந்துக் கருவியை இயக்க, பனித்தடுப்பை இருபது நிமிடம் நிறுத்தியிருக்கிறாள். எனக்கு அப்போது தெரியாது. இதுபோல முன்பும் நடந்திருக்கிறது’ என்று எழுதினார். கடைசி வாக்கியத்தை எழுதியபோதுதான் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்தது. ஆனாலும் அனுப்பினார்.

சரிபார்ப்பவர் உடனே பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்குத் தகவல் சொல்லி ஏற்பாட்டை நிறுத்தினார். பிறகு அவருக்கு எழுதினார். முதல் வரியில் மனைவியின் உடல்நலம் விசாரித்திருந்தார். இரண்டாவது வரியில் நன்றி. மூன்றாவது, வருத்தத்துடன் கேட்கும் கேள்வி: 2019 முதல் அனுப்பிய மற்ற அளவுகளில் எவற்றை நம்பலாம்? குறிப்பாக, இந்த நட்சத்திரம் அவ்வப்போது லேசாக மங்கித் தெளிவதாக அவர் அளந்து, சங்கத்தின் வருடாந்தர மலரில்கூட இரண்டு பக்கம் வந்திருந்ததே, அந்த நடுக்கம்?

அந்த இரண்டு பக்கத்தை அவர் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

மனைவி 14-ஆம் தேதி வீடு திரும்பினாள். நெபுலைசர் படுக்கையறைப் பிளக்குக்கு வந்தது. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிப் பரணில் போட்டார். சாயங்காலங்களில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். இரவுக்கு ஒரே எண் என்று சராசரி போட்டிருந்ததால் உள்ளே இருந்தது இத்தனை வருடம் தெரியாமல் போயிருந்தது. இப்போது தனித்தனியாகப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. நடுநிசிக்கு மேல் ஏதோ ஒரு நேரத்தில் நடுவில் மெல்லிய வட்டம் கட்டும். அரை மணி, முக்கால் மணி இருக்கும். பிறகு கலையும். அவர் நட்சத்திரத்தின் நடுக்கம் என்று எழுதி அனுப்பியதெல்லாம், கீழே அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்த நேரம்.

மார்ச் 4 அன்று எண்ணி முடித்தார். மனைவி கட்டிலில் காலை நீட்டி, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்தோரு ராத்திரி” என்றார்.

“என்னது?”

“நீ பிளக்கைப் புடுங்கினது. நாலு வருஷத்துல. படத்துல தெரியுது.”

அவள் ஒரு போர்வையை நாலாக மடித்து, ஓரம் சரிபார்த்து, பக்கத்தில் வைத்தாள்.

“அவ்ளோதானா? மிச்ச நாளெல்லாம் ஹாலுக்கு நடந்து போயிட்டேன் போல.”

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு மனிதருக்கு, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே நின்றார். உட்காரலாமா என்று கட்டிலைப் பார்த்தார். துணி முழுக்கப் பரப்பியிருந்தது.

“மெஷினைத் தூக்கிக்கிட்டா நடந்த?”

“பின்ன? அது தானா நடக்குமா?”

“எனக்குத் தெரியலம்மா.”

“தெரியலதான். நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, “வேணும்னு பண்ணியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்” என்றாள்.

மறுநாள் மைத்துனன் வந்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். பெட்டியில் எத்தனை புடவை வைக்கிறாள் என்று அவர் பார்த்தார். ஒரு வாரத்துக்கு வேண்டியதைவிட அதிகம் இருந்தது.

“எப்ப திரும்பி வர்ற?”

“பாக்கறேன். கொஞ்ச நாள் நல்லா தூங்கிட்டு வரேன்.”

சங்கத்துக்கு நாற்பத்தோரு தேதியையும் எழுதினார். கூடவே, அவள் ஹாலுக்கு நடந்த இரவுகளையும், படத்தில் தெரியாத அளவுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் பிளக்கைப் பிடுங்கிய இரவுகளையும் தன்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதினார். அதை எழுதினால் மீதி இருப்பதும் போகும் என்று தெரிந்தே எழுதினார். சட்டம் போட்ட இரண்டு பக்கத்தை ஹாலிலிருந்து கழற்றினார். சுவரில் ஆணி நின்றது. அதையும் பிடுங்கப் போய், சுண்ணாம்பு பெயர்ந்து கையகலம் கொட்டியது.

இரவில் கீழேதான் படுத்தார். தூக்கம் வரவில்லை. ஜன்னலில் வானம் சில நாட்கள் துடைத்துவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. எழுந்து மாடிக்குப் போகவில்லை. படுக்கையின் மறுபாதியில் யாரும் இல்லாமல், எந்த மூச்சும் கேட்காமல், எதைக் கேட்பதற்காக விழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ‘மூச்சை இழுங்க’ என்று சொன்னபின் ‘புடிங்க’ என்று சொல்ல மறந்துபோய், இரண்டு மூன்று படம் வீணாயிற்று. நர்ஸ் வந்து, “அண்ணா, வேணும்னா ரெண்டு நாள் லீவு போடுங்க” என்றாள். வீட்டில் என்ன இருக்கிறது லீவு போட என்று சொல்ல வந்தவர், தலையை மட்டும் ஆட்டினார்.

சங்கத்திலிருந்து கடைசிக் கடிதம் தபாலில் வந்தது. முத்திரையோடு, இரண்டு கையெழுத்தோடு. வானம் தெளிந்ததும் மூன்று பேர் நட்சத்திரத்தைப் பார்த்திருந்தார்கள். அது மங்கவில்லை, வழக்கமான வெளிச்சத்திலேயே இருக்கிறது. 2011 முதல் 2019 ஜனவரி வரை அவர் அனுப்பிய அளவுகள் அப்படியே நிற்கும். 03.02.2019-க்குப் பிந்தையவை அனைத்தும் நீக்கப்படுகின்றன. நடுக்கம் பற்றிய கட்டுரைக்கு அடுத்த மலரில் திருத்தம் வரும். தாமாக முன்வந்து சொன்னதைச் சங்கம் மதிக்கிறது.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டு, கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினார்.

“நாலு வருஷத்தையும் எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“பனி, குளிருன்னு பாக்காம போனீங்களே.”

“ம்.”

 அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது. இழுத்தது, விட்டது. சீராக இருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“மாடிக்குத் தனி லைன் எப்ப இழுக்கணும்னு தம்பி கேட்டான்.”

“இனிமே எதுக்கு? வேணாம்.”

“நான் வேணாம்னு சொல்லலியே.”

“நீ வா மொதல்ல.”

 அவளுக்குப் பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கடிதம் வந்த தேதி 11.04.2023, செவ்வாய்க்கிழமை.